எனக்கு ஐந்து இலை போதும்

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் விருத்தாசலத்திலே வரலாறு பயிலும் மாணவர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு சோழர் காலத்திலே தொடங்கியது. ஆனால் நண்பகல் நெருங்கிய வேளை ஆதலால் சோற்றிலே வந்து நின்றது. இயல்புதானே! அப்போது ஒரு மாணவி, "ஐயா, இனி வாழ்நாள் முழுவதும் ஐந்தே ஐந்து இடங்களில்தான் சாப்பிடலாம் என்று ஒரு கட்டளை பிறந்தால், எந்த ஐந்தைத் தேர்ந்துகொள்வீர்கள்?" என்று கேட்டாள்.

"ஏன் ஐந்து?" என்றேன்.

"நம் ஊர் ஆயிற்றே!" என்றாள்.

வெளியூர் நேயர்களுக்கு இந்த விடை விளங்காது. விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலில் எல்லாம் ஐந்தாக அமைந்திருப்பதாக எங்கள் ஊரார் பெருமையோடு சொல்லுவார்கள். கோபுரம் ஐந்து, திருச்சுற்று ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து என்று விரல் மடக்கிக்கொண்டே போவார்கள். சுந்தரர் மணிமுத்தாற்றிலே பொன்னை இட்டுத் திருவாரூர்க் குளத்திலே எடுத்தார் என்னும் கதையும் எங்கள் ஊர்க் கதைதான். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்ற பேச்சு வழக்கு அதனாலேயே பிறந்தது என்பார்கள். சிறுகதை மன்னர் புதுமைப்பித்தனின் இயற்பெயரும் விருத்தாசலம்தான். அவர் பிறந்தது எங்கள் ஊரில் அன்று, திருப்பாதிரிப்புலியூரில். ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டால் எங்களுக்கு ஒரு சொந்தம் தோன்றத்தான் செய்கிறது.

அந்த மாணவி எதிர்பார்த்தது ஊரிலுள்ள நல்ல ஓட்டல்களின் பட்டியல். எந்தக் கடையில் தோசை முறுகலாக இருக்கும், எந்தக் கடையில் குழம்பு கைமணக்கும் என்று நான் சொல்லியிருந்தால் அவள் மகிழ்ந்திருப்பாள். நானோ, "யோசித்துச் சொல்லுகிறேன்" என்று வந்துவிட்டேன். அந்த யோசனைதான் இன்றைய பேச்சு. ஒரு சலுகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வரலாறு படித்தவன் ஆதலால், மூடிப்போன கடைகளையும் இடிந்துபோன சத்திரங்களையும் என் ஐந்தில் சேர்த்துக்கொள்ள எனக்கு உரிமை வேண்டும்.

முதலில் ஒரு கேள்வி. சோற்றை விலைக்கு விற்கும் வழக்கம் தமிழ்நாட்டில் எப்போது வந்தது? மிகப் பழமையான வழக்கம்தான். மதுரைக்காஞ்சியைப் படித்தவர்களுக்குத் தெரியும், மதுரைக் கடைத்தெருவில் அடையும் அப்பமும் விற்ற கூவியர் என்பார் இருந்தனர். பகல் கடைத்தெருவான நாளங்காடியும் இரவுக் கடைத்தெருவான அல்லங்காடியும் ஓய்வின்றி நடந்தன. ஆனால் அப்பம் வேறு, சோறு வேறு. தின்பண்டத்தை விலைக்கு வாங்குவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. ஓர் இலை போட்டு, சோறு இட்டு, அதற்குக் காசு கேட்பது என்றால் நம் முன்னோருக்கு அது நாக்கூசும் செயலாக இருந்தது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்தபோது, அப்பம் விற்கும் அந்தப் பெருநகரத்திலே சோற்றுக் கடை தேடிப் போகவில்லை. ஆயர் சேரியில் மாதரியின் வீட்டிலே அடைக்கலம் பெற்றார்கள். சமைப்பதற்கு நல்ல கலங்களைக் கேட்டு வாங்கிக் கண்ணகி தன் கையாலேயே சமைத்தாள். கோவலன் வாழைக் குருத்திலே உண்டான். அதுவே அவன் கடைசி உணவு.

வழிநடைப் பாணனுக்கும் பொருநனுக்கும் சோறு போட்டவர்கள் வழியிலிருந்த குடிமக்கள்தாம். எங்கள் பகுதிக்கு அண்மையிலுள்ள திண்டிவனத்தைச் சார்ந்த கிடங்கில் என்னும் ஊரைத் தலைநகராகக் கொண்டு ஓய்மானாட்டை ஆண்டவன் நல்லியக்கோடன். அவன்மீது நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையை நான் ஒரு வகையில் தமிழரின் முதல் உணவு வழிகாட்டி என்றே கருதுகிறேன். எயிற்பட்டினத்துக்குப் போனால் நுளையர் வீட்டில் சுட்ட மீன் கிடைக்கும். வேலூர்க்குப் போனால் வேட்டுவர் வீட்டில் புளி இட்ட சுடுசோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். ஆமூர்க்குப் போனால் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டுக் கறியும் கிடைக்கும். இப்படி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறார் புலவர். விலை மட்டும் எங்குமே குறிக்கப்படவில்லை. விலை இல்லை என்பதுதான் காரணம்!

இந்த மரபு பெரிது. ஆனால் அதற்குள் ஒரு முள் இருக்கிறது. ஒருவன் உனக்கு இலவசமாகச் சோறிடும்போது, நீ யார் என்று கேட்கும் உரிமையும் அவனுக்கு வந்துவிடுகிறது. எந்த ஊர், எந்தக் குலம், திண்ணையில் உட்காரத் தக்கவனா, முற்றத்தில் நிற்கத் தக்கவனா என்றெல்லாம் அவன் கேட்கலாம். நம் நாட்டுச் சாப்பாட்டுக் கடைகளின் வரலாறு என்பது உண்மையில் இந்தக் கேள்வியின் வரலாறுதான் என்பது என் துணிபு.

அந்தக் கேள்வியைக் கேட்காத ஓர் இடம் எங்களுக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அதுவே என் முதல் இலை. கடலூர் செல்லும் இரயிலில் ஏறினால் நெய்வேலியைக் கடந்து வடலூர் வரும். இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சுற்று வட்டாரத்து மக்கள் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை மனமுவந்து அளித்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அணையா அடுப்பு என்றே அதற்குப் பெயர். சமையலறை அடுப்பு என்று எண்ணிவிடாதீர்கள். இருபத்தோரடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள நீண்ட கோட்டை அடுப்பு அது. மாணவனாக இருந்தபோது முதன்முதலில் அதைப் பார்த்தேன். சூளை போட்டுப் பழகிய குடும்பத்தில் பிறந்த எனக்கு, நெருப்பை அணையாமல் காப்பது எவ்வளவு கடினம் என்பது தெரியும். விறகு வேண்டும், ஆள் வேண்டும், விழித்திருக்க ஒருவர் வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரோ ஒருவர் விழித்திருந்திருக்கிறார்.

தருமச்சாலை தொடங்கிப் பத்தாண்டுகள் நிறைவதற்குள் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் அளவுக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் கூறினார். ஒரு மனிதன் சாகாமல் இருக்க எவ்வளவு குறைவாகப் போடலாம் என்று ஆட்சி கணக்குப் பார்த்தது. அதே காலத்தில் எங்கள் மாவட்டத்தில் ஓர் அடுப்பு யாரையும் எதுவும் கேட்காமல் எரிந்துகொண்டிருந்தது. அடிகள் அப்போது உயிரோடு இல்லை. 1874ஆம் ஆண்டிலேயே மேட்டுக்குப்பத்தில் தம் அறைக்குள் சென்று கதவடைத்துக்கொண்டார். அவர் இல்லாமலும் அடுப்பு எரிந்தது என்பதுதான் குறிப்பிடத்தக்கது. தருமச்சாலையின் சாப்பாடு எளிமையானது. சுவையை நாடுபவர்கள் அங்கே ஏமாறலாம். நான் ஏமாறவில்லை.

இரண்டாவது இலையை விரிக்க, தஞ்சைக்குப் போக வேண்டும். இருநூறு ஆண்டுகள் பின்னாலும் போக வேண்டும். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் வரிசையாகச் சத்திரங்களைக் கட்டினார்கள். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனியாரிடம் சென்றது. அரசர் இரண்டாம் சரபோசிக்குப் பெயரும் கோட்டையும் நூல்நிலையமும் எஞ்சின. 1801ஆம் ஆண்டு அவர் ஆங்கில ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாடு போனாலும் சத்திரங்களையாவது தம்மிடம் விட்டுவைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அங்கே நடப்பது என்ன என்பதை அவர் விரிவாகவே எழுதியிருக்கிறார். பிராமணர் முதல் பறையர் ஈறாக வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு உண்டு. சமைத்த சோறு உண்ணாதவர்க்கு அரிசியும் பிற பண்டங்களும் அளந்து தரப்படும். நள்ளிரவு வரையில் இது நடக்கும். பிறகு மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் யாரேனும் உண்டா என்று கூவி அழைப்பார்கள். நோயாளிக்கு மருத்துவர் உண்டு, குழந்தைக்குப் பால் உண்டு, பெற்றோர் இல்லாப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் உண்டு.

எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார்கள் என்று நாம் கருதிவிடக் கூடாது. அக்காலத்து வழக்கம் அதற்கு இடந்தராது. ஆயினும் அந்த நள்ளிரவு மணி என் மனத்தை விட்டு அகலவில்லை. பசித்தவன் வந்து கதவைத் தட்டட்டும் என்று காத்திராமல், பசித்தவனைத் தேடிக் கதவே கூவியது அல்லவா! ஒரத்தநாட்டில் சரபோசி கட்டிய முத்தம்மாள் சத்திரத்தின் கற்களை இன்றும் காணலாம். மணியோசைதான் இல்லை. ஆகையால் இந்த இலை எனக்குக் கற்பனை இலைதான். இருந்தாலும் விரித்துவைக்கிறேன்.

இனி விலைக்குச் சோறு விற்ற கதைக்கு வருவோம். அந்தக் கதையை நம் ஊரில் எழுதியது இரயில்வண்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப்பாதை வந்தபின், கட்டுச்சோறு கெட்டுப்போகும் தூரத்துக்கு மனிதன் ஒரே நாளில் போகத் தொடங்கினான். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குக் குறுக்குப் பாதை 1920களின் இறுதியில் போடப்பட்டது. கடலூரிலிருந்து சேலம் செல்லும் பாதையும் இங்கே அதைச் சந்திப்பதால் எங்கள் ஊர் சந்திப்பு ஆயிற்று. சந்திப்பு என்றால் காத்திருப்பது. காத்திருந்தால் பசிக்கும். பசித்தவனுக்கு அங்கே சத்திரம் இல்லை, சிற்றுண்டிச்சாலை இருந்தது. காசு கொடுத்தால் சோறு. காசுக்குக் குலம் இல்லை அல்லவா?

இருந்தது, நேயர்களே. அக்காலத் தென்னிந்திய இரயில்வே நிலையங்களின் உணவுச்சாலைகளில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று பிராமணாளுக்கு, மற்றொன்று இதராளுக்கு. அரிசி ஒன்று, அடுப்பு ஒன்று, விலையும் ஒன்று. நடுவிலே ஒரு தட்டி அல்லது திரை.

இதை நான் நூலில் படிப்பதற்கு முன்பே என் தாத்தாவிடமிருந்து கேட்டுவிட்டேன். எங்கள் குடும்பத் தொழில் மண் வேலை. தாத்தா சக்கரத்தில் பானை வனைந்தவர். இளமையில் ஒருமுறை எங்கோ ஒரு திருவிழாச் சந்தைக்குப் பானை ஏற்றிச் சென்றவர் வழியில் ஒரு சந்திப்பில் சாப்பிட நுழைந்தார். எந்த ஊர் என்பது இங்கே வேண்டா. பலகையைப் படிக்க அவருக்குத் தெரியாது. காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார். எழுப்பிவிட்டார்கள். கோபமாகக்கூட இல்லை, "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று பழக்கத்திலே சொன்னார்கள். போய் உட்கார்ந்தார். தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் கவனித்தாராம், தட்டிக்கு இந்தப் புறம் ஒரு பானை, அந்தப் புறம் ஒரு பானை. பானையைக் கண்டால் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பது எங்கள் குலத்துப் பழக்கம். இந்தப் பானையைத் தட்டினார். தட்டியின் ஓரமாகக் கையை நீட்டி அந்தப் பானையையும் தட்டினார். "ஒரே சூளைடா, ஒரே ஓசை" என்று சொல்லிச் சிரிப்பார். அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். ஆனால் அன்றிலிருந்து அவர் எந்த இரயில் நிலையத்திலும் சாப்பிட்டதில்லை. பாக்குமட்டையில் கட்டிய புளிச்சோறு இல்லாமல் பயணம் கிளம்பமாட்டார். பாட்டி வைது பார்த்தாள். பயனில்லை.

1941ஆம் ஆண்டு, சுயமரியாதை இயக்கத்தாரும் நீதிக்கட்சியாரும் நெடுநாள் வற்புறுத்தியதன் பயனாக, தென்னிந்திய இரயில்வே நிலையங்களில் இந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. உலகப்போரின் இரைச்சலில் அந்தச் செய்தி பெரிதாகக் கேட்டிராது. என் கணக்கில் அது பெரிய செய்தி. தட்டி எடுக்கப்பட்ட அந்த இரயில்வே சிற்றுண்டிச்சாலை என் மூன்றாவது இலை. இட்டிலி கல்லாக இருந்தாலும் சரி.

ஊருக்குள்ளே கதை இவ்வளவு விரைவாக முடியவில்லை. நகரங்களில் காப்பிக் கிளப்புகள் பெருகிய காலம் அது. காப்பியே நமக்குப் புதிய குடி. கஞ்சியும் நீராகாரமும் குடித்துக் காலைப் பொழுதைத் தொடங்கிய நாட்டில் அது நுழைந்தபோது பெரியவர்கள் கள்ளைக் கண்டித்ததுபோலவே காப்பியையும் கண்டித்தார்கள். ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே ஒரு நூலுக்குப் பெயர் வைத்திருக்கிறார். கண்டித்தவர்களின் வீட்டுக்குள்ளேயே காப்பி புகுந்தது வேறு கதை. பல கிளப்புகளின் வாயிலில் பலகை தொங்கியது. பஞ்சமருக்கு இடமில்லை என்பது சிலவற்றில் எழுத்திலேயே இருந்தது. எழுதாத இடங்களில் எழுதாமலேயே இருந்தது.

இந்தக் காலத்தில்தான் தென்கன்னடத்திலிருந்து உடுப்பிக்காரர்கள் வந்தார்கள். சிறு வயதில் சமையலறை எடுபிடியாக வாழ்வைத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ் சென்னைக்கு வந்து, மவுண்ட் ரோடில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ் நடத்தி, 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் தொடங்கினார். தூய்மை, விரைவு, அளவான விலை ஆகிய மூன்றும் அவருடைய முதல். உடுப்பி மரபுதான் தோசையைத் தமிழ்நாட்டின் ஊர்தோறும் ஒரே வட்டத்தில் வார்த்தது என்று சொன்னால் மிகையாகாது. 1962இல் கதீட்ரல் சாலையில் தோட்டத்துக்கு நடுவே அவர்கள் திறந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸ், காரிலேயே உட்கார்ந்து உண்ணும் புதுமையைக் கொண்டுவந்தது. காரே இல்லாத நாங்கள் பேருந்தில் போய் இறங்கி, மரநிழலில் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். ஒருவரும் எழுந்திருக்கச் சொன்னதில்லை. 2008இல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010 முதல் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. மரங்கள் இருக்கின்றன. அதுவே என் நான்காவது இலை. சுவைக்காகவும் உட்காரவிட்ட பெருந்தன்மைக்காகவும் அந்த இலை.

ஆனால் நான்காவது இலையை விரிக்கும்போதே 1950ஆம் ஆண்டையும் நினைக்க வேண்டும். அவ்வாண்டு ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவை மாணவர்கள் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டிக் கடைகளிலும் பொது உணவுச்சாலைகளிலும் ஓட்டல்களிலும் யாரையும் தடுக்கலாகாது என்று அது கூறுகிறது. நாட்டின் தலையாய சட்டத்திலே ஓட்டல் என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது! உலகத்தார் இதைக் கண்டு வியக்கலாம். நமக்கு வியப்பில்லை. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், ஓட்டலில் பொதுமக்களுக்காக வைத்துள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. சட்டம் எழுதியவர்கள் டம்ளரை மறக்கவில்லை.

சட்டம் வந்தபின்னும் பலகைச் சண்டை ஓயவில்லை. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் ஓட்டலின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று பெரியார் ஈ. வெ. ரா. மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் நாள்தோறும் தொண்டர்கள் வந்தார்கள், நாள்தோறும் கைதானார்கள். சைவ உணவு என்பதற்கு அடையாளமாகவே அச்சொல் வைக்கப்பட்டது, யாரையும் தடுப்பதற்கு அன்று, என்று மறுதரப்பில் சொன்னவர்கள் உண்டு. அது நேர்மையான வாதமாகவே இருந்திருக்கலாம். ஆனால் சைவம் என்று எழுத இரண்டெழுத்தும் ஒரு புள்ளியும் போதுமே என்பது என் எண்ணம். முடிவில் அச்சொல் எடுக்கப்பட்டது.

மூன்றாண்டு கழித்து, கடலுக்கு அப்பால் ஒரு நிகழ்ச்சி. 1960 பிப்ரவரி முதல் நாள். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோ நகரம். உல்வொர்த் கடையின் சிற்றுண்டி மேடையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். வெள்ளையருக்கே உரிய இடம் என்று கொடுக்க மறுத்தார்கள். மாணவர்கள் கூச்சலிடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். சில வாரங்களில் பல நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்தார்கள். அந்தக் கடை ஜூலை மாதத்தில் பணிந்தது. 1964இல் சட்டமே வந்தது. அந்த நால்வரும் உங்கள் வயதினர், கல்லூரி முதலாண்டு மாணவர்கள்.

இதற்கிடையே சுவைக்காக மட்டும் சில கடைகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1951இல் சென்னை மவுண்ட் ரோடில் தொடங்கிய புகாரி ஓட்டலுக்கு என் ஐந்தில் இடமில்லையே என்று வருந்துகிறேன். 1957இல் திண்டுக்கல்லில் தலைப்பாகை கட்டிய நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடைக்கும் இடமில்லை. சீரகச் சம்பாவின் மணம் மன்னிக்க வேண்டும். 2013இல் சென்னை மாநகராட்சி திறந்த அம்மா உணவகங்கள் ஒரு ரூபாய்க்கு இட்டிலி கொடுத்தன. 1956இல் காமராசர் ஆட்சியில் பரவிய பள்ளி மதிய உணவோ, நான் உண்டு வளர்ந்த சோறு. ஆனால் பள்ளிக்கூடத்தை ஓட்டல் பட்டியலில் சேர்க்கலாமா? சேர்த்தால் ஐந்து ஆறாகிவிடும், எங்கள் ஊர்ச் சாமி ஒப்பமாட்டார்.

ஐந்தாவது இலை எங்கே என்று கேட்கிறீர்கள். அது இலை அன்று, ஒரு குவளை.

எங்கள் ஊர் இன்று பீங்கானுக்குப் பெயர் பெற்றது. அகல் விளக்கு, பொம்மை, சாடி, மின்கம்பத்தில் மாட்டும் காப்பான் என்று பலவும் இங்கே செய்கிறார்கள். பீங்கான் தொழில் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணில் நல்ல வெண்களிமண் உண்டு; அது இத்தொழிலுக்கு ஒரு பெருந்துணை. களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சும், மண் சுவரோடு ஒட்டி நிற்கும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு எடுத்தால் குவளை. அதை உலர்த்திச் சுட்டு, கண்ணாடி போன்ற மேற்பூச்சு இட்டு, ஆயிரம் டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் வேகவைப்பார்கள். என் தாத்தா தம் முதுமையில் சக்கரத்தை விட்டு இப்படியொரு பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார். அவருக்குப் பீங்கான்மீது முதலில் மதிப்பில்லை. "மண்ணுக்குச் சட்டை போட்டுவிட்டான்" என்பார்.

அந்தச் சட்டையில்தான் விஷயம் இருக்கிறது. மண்கலம் நீரை உறிஞ்சும். ஆகையால் பிறர் தொட்ட மண்கலம் தீட்டாகும், கழுவினாலும் போகாது, உடைத்துவிட வேண்டும் என்பது பழைய ஆசாரம். உலோகத்தைத் தேய்த்துக் கழுவினால் போதும். பீங்கானின் மேற்பூச்சோ எதையும் உறிஞ்சாது. ஆனால் அது பிறப்பால் மண். ஆகவே ஆசாரம் மிகுந்த வீடுகளில் பீங்கான் கோப்பை நெடுநாள் சமையலறைக்குள் வரவில்லை. தேநீர்க் கடைகளிலோ வேறொரு கணக்கு நடந்தது. ஊராருக்கு ஒரு வரிசைக் குவளை. சேரி மக்களுக்கு வேறு குவளை, அவர்களே கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும். இரட்டைக் குவளை முறை என்று இதைச் சொல்லுவார்கள். 1955ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் பல ஊர்களில் இது நடந்தது என்பதை ஆய்வாளர்களும் வழக்குமன்றங்களும் பதிவுசெய்திருக்கிறார்கள். பின்பு காகிதக் குவளை வந்தது. நல்லதாயிற்று என்று நினைத்தேன். சில இடங்களில் சிலருக்கு மட்டும் காகிதக் குவளை கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது, மனிதனின் சூழ்ச்சிக்கு முன் பொருளின் குணம் ஒன்றும் செய்யாது என்று தெரிந்தது.

பட்டறைகள் இருக்கும் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. சூளையிலிருந்து வரும்போது பூச்சில் குமிழி விழுந்ததும், கைப்பிடி சாய்ந்ததும், விளிம்பு வளைந்ததுமாகச் சந்தைக்கு உதவாத குவளைகளைச் செகண்ட்ஸ் என்று ஒதுக்குவார்கள். கடைக்காரர் அவற்றைக் கூடையோடு மலிவாக வாங்கிவந்து அடுக்கியிருப்பார். ஒரு குவளை போல இன்னொரு குவளை இராது. ஆகவே, இது யாருக்கு, அது யாருக்கு என்று பிரித்துவைக்க வழியே இல்லை. கையில் அகப்பட்டதை எடுத்து ஊற்றுவார். எல்லாம் ஒரே தொட்டியில் கழுவப்படும். கடைக்காரர் கொள்கைக்காக இதைச் செய்தாரா, சிக்கனத்துக்காகச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

இரயில் நிலையத்தில் வாழ்நாள் முழுவதும் சாப்பிடாத என் தாத்தா, வேலை முடிந்த மாலைகளில் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். குவளையை வாங்கியவுடன் குடிக்கமாட்டார். விரலை மடக்கி ஒருமுறை தட்டுவார். காதருகே வைத்துக் கேட்பார். பிறகு குடிப்பார். கடைக்காரர், "பெரியவரே, அது செகண்ட்ஸ். ஓசை சரியிராது" என்பார். "இருக்கட்டும், வெந்திருக்கிறது" என்பார் தாத்தா.